அசையாமல் நின்றவர்

சென்ற தீபாவளிக்கு அடுத்த வாரம். அலோர் ஸ்டார், மெர்கோங்கில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் மகளும் ஜெராய் மலையடிவாரத்து அருவி ஒன்றுக்குக் காரில் போயிருந்தோம். ஓடும் தண்ணீரைப் படம் பிடிப்பதில் அவளுக்குப் பித்து. தனியாக அனுப்ப எனக்குப் பயம். அம்மாவாகிய நானும் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்விடுவேன்.

கேமராவின் முன் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, ஷட்டரை வெகுநேரம் திறந்து வைப்பாள். தண்ணீர் பால்போல் வழுவழுப்பாகப் பதியும். அப்போது பக்கத்தில் யாராவது நடந்தால்கூடப் படம் ஆடிவிடுமாம். அதனால் அசையாமல் நிற்க நானும் பழகியிருந்தேன்.

அன்று நல்ல வெயில். மலையுச்சியில் மட்டும் மேகம். அருவிக்கு முதுகைக் காட்டி, ஓடை இறங்கிப் போகும் பக்கமாகக் கேமராவை நிறுத்தினாள். சற்றுக் கீழே, ஓடை நடுவில் ஒரு பாறைமேல் தமிழ் இளைஞர் ஒருவர் நின்றிருந்தார். வந்ததிலிருந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தவர்.

"சும்மா பேக் தூக்காதீங்க ஆன்ட்டி, மககிட்ட சம்பளம் கேளுங்கலா."

தன்னையும் படத்தில் சேர்க்கச் சொன்னார்.

"அப்படின்னா அந்தப் பக்கம் பார்த்து அசையாம நில்லுங்கண்ணே. அசைஞ்சா படத்துல காணாமப் போயிடுவீங்க" என்றாள் மகள்.

அவர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிச் சிலைபோல நின்றார். ஷட்டர் திறந்தது.

என் காலடியில் தண்ணீர் தேநீர் நிறமானது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நான் சொல்ல வாயெடுத்தேன்; மகள் கையைக் காட்டித் தடுத்தாள். கரையில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் எங்களை நோக்கிப் பாறை பாறையாகத் தாவி ஓடிவந்தார்.

"கெப்பாலா ஆயர்! கெப்பாலா ஆயர்!"

மலைமேல் பெய்த மழை திரண்டு ஒரேயடியாக இறங்கும் வெள்ளத்தை இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஷட்டர் மூடியதும் அந்த மலாய்க்காரர் என் மகளின் கையைப் பற்றியதும் ஒன்றாக நடந்தன. கேமரா முக்காலியோடு அவளை இழுத்தார். நான் பின்னால் தவழ்ந்தேன். கரையேறித் திரும்பியபோது நாங்கள் நின்ற பாறை இல்லை. கீழேயிருந்த பாறையும் இல்லை. தொண்டை கம்மும்வரை மகள் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்ற எனக்கே அவள் குரல் சரியாகக் கேட்கவில்லை.

மறுநாள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் அந்த இளைஞரின் உடலை எடுத்தார்கள். துக்கத்துக்குப் போனோம். மகள் அவருடைய தாயின் காலடியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. கடைசிப் படத்தைத் தரும்படி மட்டும் கேட்டார்.

இன்னும் கொடுக்க முடியவில்லை. நான் ஒருமுறை பார்த்தேன். வெள்ளைப் பட்டு விரித்ததுபோல் தண்ணீர். எங்களைக் காப்பாற்ற ஓடிவந்தவர் அதில் ஒரு நிழலாகக்கூட இல்லை. சொன்ன பேச்சைக் கேட்டு நின்றவர் மட்டும் தெளிவாக இருக்கிறார்.

மகள் இப்போது கேமராவைத் தொடுவதில்லை. அறைக்குள் அவள் நடமாடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வருகிறது; இன்னொரு வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனது கூடவே நினைவுக்கு வருகிறது.