உத்தமன் முறுக்கிய திருகுகள்

உத்தமன் மூடிய ஊறுகாய் ஜாடியை அவன் மனைவி மைதிலியால் திறக்கவே முடியாது. ஆவடி டேங்க் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். எது ஆடினாலும் அவனுக்குப் பொறுக்காது. குவார்ட்டர்ஸ் வீட்டில் கட்டில், ஃபேன், அடுப்பு மேடைத் தட்டு என்று அவன் கைபடாத திருகு ஒன்றுகூட இல்லை.

மைதிலியின் கம்ப்யூட்டரையும் பாகங்களை வாங்கி அவன்தான் பூட்டினான். கட்டப்போகும் வீடுகளைச் சுற்றிக் காட்டும் வீடியோக்களை அவள் வீட்டிலிருந்தே செய்து கொடுத்தாள். படங்களை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று போதவில்லை என்றதும் அதே மாதிரியில் பழைய கார்டு ஒன்றை வாங்கிவந்தான். இரண்டையும் இணைக்க 'பிரிட்ஜ்' என்றொரு விரல் நீளத் துண்டு உண்டு என்று யாரோ சொல்ல, மூன்று சனிக்கிழமை எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அலைந்து அதையும் பிடித்துவிட்டான். பிரிட்ஜ் எட்ட வேண்டுமென்று கார்டுகளை நெருக்கி வைத்து, ஆடாமலிருக்க அலுமினியப் பட்டை ஒன்றை அரத்தால் ராவி நான்கு திருகு போட்டான்.

அந்த பிரிட்ஜ், கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்களுக்குத்தான். மைதிலியின் வேலையில் இரண்டு கார்டும் தனித்தனியே ஓடும். இது அவளுக்கு அன்றே தெரியும். அவன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

மே மாதம் வந்தது. வேப்பம்பட்டு பில்டர் ஒருவர் முதன்முதலாகப் பெரிய வேலை கொடுத்திருந்தார். சரியாக வந்தால் அடுத்த பன்னிரண்டு வீடுகளின் வீடியோ வேலையும் அவளுக்கே. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொடுத்தாக வேண்டும். அன்று பகல் பன்னிரண்டுக்குள் திரை மூன்று முறை உறைந்துபோனது. மேல் கார்டின் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. கீழ்க் கார்டு விடும் அனலைத்தான் அது மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

பில்டரின் ஆள் கன்னியப்பன் போன் செய்தார். "இன்னாம்மா, வீடியோ ரெடியாகீதா? வீடு வாங்கற பார்ட்டி அஞ்சு மணிக்கு வந்துருவாரு."

"வந்துரும்ணே."

"வந்துரும்னா? வந்துகினுகீதா, இல்ல இனிமேதான் கெளம்பணுமா?"

ஒரு கார்டைக் கழற்றினால் சூடு அடங்கும், ஆனால் வேலை ராத்திரி வரை இழுக்கும். பிரிட்ஜை எடுத்துவிட்டுக் கீழ்க் கார்டைக் கடைசி இடத்துக்கு இறக்கினால் நடுவில் காற்றுப் போகும். உத்தமனைக் கேட்க வழியில்லை. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திருகைத் திருகினாள். அசையவில்லை. உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். கடைசியில், யாரும் தொடக்கூடாத அவன் பெட்டியைத் திறந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். இரண்டு கையாலும் அழுத்திச் சுற்ற, முதல் திருகு கிறீச்சென்று இளகியது. நான்கையும் கழற்ற அரைமணி நேரம் ஆனது.

கீழ்க் கார்டைக் கடைசி இடத்துக்கு இறக்கி மறுபடி ஓடவிட்டாள். மேல் கார்டு எழுபத்தெட்டில் நின்றது. நாலே முக்காலுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. "பார்ட்டிக்குப் புடிச்சிருச்சும்மா" என்றார் கன்னியப்பன்.

ஐந்தேகாலுக்கு உத்தமன் வந்தான். மேசைமேல் கிடந்த பிரிட்ஜையும் பட்டையையும் பார்த்தான்.

"யாரு கழட்டுனது?"

"நான்தாங்க."

"நான் போட்ட திருகையா?"

"உங்க ஸ்க்ரூடிரைவராலதான்."

கார்டுகளுக்கு நடுவே விரலை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "காத்து நல்லா வருது. நாளெல்லாம் இன்ஜினோட கெடக்கறேன், எனக்கு இது தோணல பாரு. இந்த பிரிட்ஜ் இல்லாமயே ஓடுமா?"

"ஓடும்."

"முன்னாடியே தெரியுமா?"

"மூணு சனிக்கிழமை வெயில்ல அலைஞ்சீங்க. எப்படிச் சொல்றது?"

அவன் சத்தமில்லாமல் சிரித்தான். பிறகு குனிந்து பார்த்து, கீழ்க் கார்டு ஒரு நூல் அளவு கீழே தொங்குகிறது என்றான். முகம்கூடக் கழுவாமல், கம்ப்யூட்டரை அணைத்துப் பட்டையை அளந்து வெட்டி, காற்றை மறைக்காமல் முட்டுக் கொடுத்தான். திருகை வைத்தவன், ஸ்க்ரூடிரைவரை அவளிடம் நீட்டினான்.

"நீயே முறுக்கு. நான் முறுக்குனா மறுபடி உனக்குக் கழட்ட வராது."