மைனஸை மறைத்த பொட்டு

எங்கள் வீட்டு ஆம்ப்ளிபையரின் கண்ணாடி முகத்தில் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறது. ஒலியளவைக் காட்டும் எண்ணுக்குச் சற்று முன்னால். வீட்டுக்கு வருகிறவர்கள் திருஷ்டிக்காக ஒட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் மறுப்பதில்லை. வாயைத் திறந்தால் மாமாவின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கும். நாலு பேர் முன்னால் அவ்வளவு நேரம் பேச எனக்கு வராது. எழுதுவது கொஞ்சம் சுலபம்.

மாமா என் மனைவியின் அப்பா. காப்பாரில் செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தை காலமான பிறகு என் மனைவி அவரைக் கிள்ளானுக்கு அழைத்து வந்தாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் தங்குவது அவருக்குப் பெரிய கூச்சம். அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும், கொண்டுவந்த துணிப்பையை அவர் பிரிக்கவே இல்லை. சட்டை மாற்ற வேண்டுமென்றால் ஜிப்பைத் திறந்து ஒன்றை எடுப்பார், உடனே மூடிவிடுவார். எந்த நாளும் கிளம்பிவிடலாம் என்பதுபோல அந்தப் பை கட்டிலுக்கு அடியில் கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியின் முகம் வாடும். "இது உங்க வீடு மாதிரி, இங்கேயே இருங்க" என்று அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். எனக்கோ மாமனாரிடம் "சாப்டீங்களா" என்பதற்கு மேல் வார்த்தை வராது.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் லோரி ஓட்டுகிறேன். அந்த ஆம்ப்ளிபையரும் ஸ்பீக்கர்களும் பிரிக்பீல்ட்ஸில் வீடு மாறிய ஒருவர், புது வீட்டில் இடமில்லை என்று எனக்கே கொடுத்தவை. கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார்: "அண்ணே, சைபர்னா சத்தமே இல்லன்னு நெனச்சிடாதீங்க. இதுல சைபர்தான் தியேட்டர் சத்தம். அதுக்குக் கீழ எவ்வளவு எறங்கியிருக்குன்னுதான் மைனஸ் போட்டுக் காட்டும். பத்து நம்பர் ஏத்தினா காதுக்கு டபுளா தெரியும். பாத்து லா!" நான் மனைவிக்கும் மகளுக்கும் இதைச் சொன்னேன். ரிமோட்டைத் தொடவே தொடாத மாமாவிடம் சொல்லத் தோன்றவில்லை.

மாலையில் டிவியில் நாடகம் போடுவோம். சத்தம் அந்த ஸ்பீக்கர்களில் வரும். மாமா சோபாவின் ஓரத்தில் பாதி உடம்பு வெளியே இருக்கிற மாதிரி உட்காருவார். சில சமயம் முகத்தைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிவார். சத்தம் அவருக்குத் தொந்தரவு என்று எடுத்துக்கொண்டு நான் குறைப்பேன். அவர் இன்னும் குனிவார். நான் இன்னும் குறைப்பேன்.

"சத்தம் போதுமா மாமா?"

"போதும் மாப்ளே. தாராளமா இருக்கு."

நாடகம் முடிந்ததும் அடுப்படிக்குப் போய் என் மனைவிக்குக் கதை சொல்வார். அந்தக் கதைதான் விசித்திரமாக இருக்கும். "அந்த மூத்த மருமக தங்கமான பொண்ணும்மா. மாமியாருக்குப் பால்ல மருந்து கலந்து குடுக்குது பாரு."

"அப்பா, அது விஷம்பா!"

"சும்மா சொல்லாத. எவ்வளவு பணிவா குடுத்தா!"

"அப்பா வேற ஏதோ நாடகம் பாக்கறாரு போல" என்று மனைவி என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அந்த வருடத் தீபாவளி காலை நாங்கள் மூவரும் கோயிலுக்குப் போயிருந்தோம். கால் வலி என்று மாமா வீட்டில் இருந்துவிட்டார். திரும்பி வரும்போது எங்கள் சாலை முனையிலேயே தவில் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ மேளக்காரர்களை வரவழைத்திருக்கிறார்கள் என்றாள் மகள். கிட்டே போகப் போகத்தான் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்வது தெரிந்தது. யாருடைய காரோ அலாரம் போட்டு அலறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி வாசலில் நின்று, "இன்றைக்குக் கோயில் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டதா" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.

உள்ளே மாமா காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பதற்றத்தில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை அவருக்கு. நான் ஓடிப்போய் அணைத்தேன். எண் சைபரில் இருந்தது. நாதஸ்வர டிஸ்க்கைப் போடுமுன்பே அவர் குமிழைத் திருகி வைத்திருக்கிறார். பாட்டு ஆரம்பிக்காததால் ஏறுவது காதுக்குத் தெரியவில்லை.

"மைனஸ்னு காட்டுச்சு மாப்ளே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "நல்ல நாளும் அதுவுமா, பொண்ணு வாழற வீட்டுல மைனஸ் இருக்கக்கூடாதுன்னு சைபருக்குக் கொண்டாந்தேன்."

சாப்பாடு முடிந்ததும் பார்த்தால் பை வாசலில் இருந்தது. காப்பாருக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாத்திரம் உருளும் சத்தத்திலேயே அவள் அழுவது எனக்குப் புரிந்தது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"நானே கொண்டு விடுறேன் மாமா. அதுக்கு முன்னாடி இதுல ஒங்களுக்கு எந்த நம்பர் சரியா வருதுன்னு பாத்துருவோம்."

டிவியில் அந்த நாடகத்தின் பழைய பகுதியை மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமான மைனஸ் நாற்பத்தைந்தில் வைத்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது."

"என்ன பேசறாங்க மாமா?"

திரையை உற்றுப் பார்த்தார். "வாயசைக்கிறாங்க" என்றார்.

நாற்பது. முப்பத்தைந்து. ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனேன். இருபத்தெட்டுக்கு வந்ததும் முகம் மாறியது. "இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு கட்டைக் குரலா!" என்றார். முதல் தடவையாக சோபாவில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் துள்ளி எழுந்தார். "அடிப்பாவி! விஷத்தையா கலந்தா இவ?"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல!" சிரிப்பு தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மாமாவும் சிரித்தார். ஆனாலும் ஆம்ப்ளிபையரின் முகத்தைக் காட்டி, "அந்த மைனஸ்தான் உறுத்துது" என்றார். மனைவி நிலைக்கண்ணாடியில் ஒட்டியிருந்த பொட்டு ஒன்றைப் பிய்த்து வந்து அதன்மேல் அழுத்தினாள். வெறும் இருபத்தெட்டு.

"நம்பர் கொறைஞ்சா சத்தம் கூடும்ப்பா, ஞாபகம் வச்சுக்குங்க."

"எங்க ஆலையிலயும் அப்படித்தான். ஆள் கொறைஞ்சா மேனேஜர் சத்தம் கூடும்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு தாத்தா" என்றாள் மகள் குறும்பாக.

"இந்த மருமக மாட்டிக்கிறத பாக்காம எப்படிப் போறது?"

இருபத்தெட்டு எங்கள் காதுக்கு அதிகம். என் தொழில் சாமான் நகர்த்துவதுதானே. ஒரு நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். அங்கே உட்கார்ந்தால் முப்பத்துநாலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சத்தம் எண்ணில் மட்டும் இல்லை, எங்கே உட்காருகிறோம் என்பதிலும் இருக்கிறது. அந்த வாரமே அவருடைய சட்டைகள் அலமாரியில் தொங்கின. அந்த மருமகள் மாட்டிக்கொண்டு, நாடகமும் முடிந்து, அதற்குப் பிறகு எத்தனையோ நாடகங்களை அவர் அந்த நாற்காலியிலிருந்து திட்டிக்கொண்டே பார்த்தார். கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

போன வாரம் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அப்பா, இருபத்தெட்டு!" எனக்கு அது சத்தமாகவே தெரியவில்லை. அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "ஒங்களையும் அங்க மாத்திட வேண்டியதுதான்."

எழுந்துபோய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்துநாலுக்கு இறக்கினேன். அளவாக இருந்தது. பொட்டின் ஓரம் காய்ந்து லேசாகத் தூக்கியிருந்தது. கட்டைவிரலால் ஒருமுறை நன்றாக அழுத்திவிட்டேன்.