ஓங்கிலுக்குள் இருந்த மருந்து

நெடுந்தீவில் அம்மாவைப் பார்த்துவிட்டு, கைப்பிள்ளையோடு மோட்டார் வள்ளத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த மெலிந்த மனிதர் மடியில் ஒரு போத்தலை வைத்துக்கொண்டு அதன் மூடியை அடிக்கடி இறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"அதென்ன ஐயா?"

"கரையொதுங்கின ஓங்கிலின்ரை, அதான் டொல்பினின்ரை கொழுப்பு, தங்கச்சி. சோதிக்கக் கொண்டு போறன். ஆழ்கடலிலை திரியிற சீவன். ஆனா நாங்கள் பூச்சிக்கு அடிக்கிற மருந்து அதுக்குள்ளையும் போய்ச் சேருது."

வேலணையில் எங்கள் புகையிலைக்கு அடிப்பதும் மருந்து, மலேரியா ஒழிப்புக்காரர் வீட்டுச் சுவருக்கு அடிப்பதும் மருந்து. மருந்து என்றால் நல்லது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"பிறகு உடம்பை விட்டுப் போகாதோ?"

"லேசிலை போகாது. தாய்க்கு மட்டும் குட்டி போட்டாப் பிறகு குறையும்."

"அப்ப அது எங்கை போகும்?"

"பாலிலை..." என்றவர், என் பிள்ளை பசித்து அழத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார். மூடியை இன்னொருமுறை இறுக்கினார். பிறகு முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் பால் கொடுக்கட்டும் என்று மரியாதைக்குத் திரும்பினாரா, என் முகத்தைப் பார்க்க ஏலாமல் திரும்பினாரா, இன்றும் தெரியாது. பிள்ளை வீறிட்டு அழுதாள். சட்டைக் கொளுக்கியில் வைத்த கை, கரை வரும்வரை அப்படியே இருந்தது.