‘எஸ் சார்’ பழகிய வாய்

நான் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டுப் பிள்ளைகள் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பது எனக்குத் தெரியும். ரப்பர் எஸ்டேட்டை விட்டு டவுன் பக்கம் பாக்கார் ஆராங் வீட்டுக்குக் குடிவந்த பிறகு உங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

“ஓப்பன் தி லைட்” என்று நான் சொன்னால், “லைட் என்ன கதவாப்பா, தெறக்கறதுக்கு?” என்பான் சின்னவன். “யெஸ்டர்டே ஐ கோ அலோர் ஸ்டார்” என்றால், “நேத்தே போயிட்டு வந்தாச்சுல்ல, அப்பறம் என்ன கோ? வென்ட்லா!” என்று அடுப்படியிலிருந்து உங்களில் இன்னொருவர் குரல் வரும். யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால், “ஐ ஃபாலோ ஹிஸ் கார்” என்பேன். “பின்னாலயே ஓடிப் போனீங்களா?” என்று கேட்டுவிட்டு இரண்டு பேரும் பாயில் விழுந்து சிரிப்பீர்கள்.

சிரியுங்கள், திருத்துங்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போன வாரம் டீச்சர் ஏதோ கேட்டதாகவும், ஒன்றும் புரியாமலே “எஸ் டீச்சர்” என்று தலையாட்டிவிட்டு வந்ததாகவும் சின்னவன் சொல்லிச் சிரித்தானே, அப்போது நான் கத்தினேன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். நீங்கள் பயந்து போனீர்கள். உங்கள் அக்காதான் என் தட்டை மூடி வைத்தாள். நீங்கள் ‘தவளைக் குரல்’ என்று கேலி செய்கிறீர்களே, அந்தக் கரகரப்புக் குரல் அவளுக்கு எப்படி வந்தது என்றும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். நான் கத்தியதும் அவள் குரலும் ஒரே கதைதான். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு வந்த ஆங்கிலம் பள்ளியில் வந்ததல்ல. பால் ஸ்டோரில் வேலை. மரத்திலிருந்து வெட்டி வரும் ரப்பர் பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்து ஷீட்டாக உருட்டுகிற இடம் அது. அங்கே வருகிற எஸ்டேட் மேனேஜர் துரையும், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியும் பேசுவதைக் காதில் வாங்கி, உடைந்தது போக மிச்சத்தைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் ஆங்கிலம். அதில் நன்றாகப் பழகிய வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘எஸ் சார்’.

அது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. துரை முன்னால் யாரையாவது நிறுத்துவதற்கு முன் கிராணி காதோடு சொல்லிவிடுவார்: “என்ன கேட்டாலும் எஸ் சார்னு சொல்லு. நீ பாட்டுக்கு நோன்னு சொல்லிப்புடாத. அப்பறம் நான் காப்பாத்த முடியாது.” என்னை வேலைக்கு எடுத்த அன்று துரை நான்கைந்து கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் எஸ் சார். வெளியே வந்ததும் கிராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “பாம்புக்குப் பயமில்லையான்னு கேட்டாருடா. எஸ் சார்ன்னுட்ட. போ, ஆத்தோரக் காடு ஒனக்குத்தான்.” பால் ஸ்டோருக்கு மாற்றும் வரை அந்த ரப்பர் காட்டில் பால் வெட்டப் போய், ஒவ்வொரு மரத்துக்கும் முன்னால் காலைத் தரையில் தட்டித் தட்டி நடந்தேன். ஆனாலும் ‘எஸ் சார்’ போகவில்லை. மரியாதையும் பயமும் சேர்ந்து அது நாக்கிலேயே தங்கிவிட்டது. சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் போதும், மூளைக்குப் போகாமலே வாயிலிருந்து வந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில், உங்கள் அக்காவுக்கு நாலு வயது. நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணனுக்கு எஸ்டேட்டுக்கு வெளியே கொஞ்சம் சொந்த ரப்பர் மரம் இருந்தது. பாலை உறைய வைக்க அவரும் ஆசிட் வாங்கி வைப்பார். எதில் வைப்பார்? ஆரஞ்சுத் தண்ணி பாட்டிலில்தான். எஸ்டேட் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். மண்ணெண்ணெய், ஆசிட், தேங்காயெண்ணெய் எல்லாம் அந்தப் பாட்டிலில்தான் இருக்கும். காலி பாட்டிலை யாரும் தூக்கிப் போட மாட்டோம்.

ஒரு நாள் நான் மத்தியானம் சாப்பிட வந்திருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல் வந்தது. குழந்தை அழுகிற சத்தம் போலவே இல்லை. நான் ஓடுவதற்குள் உங்கள் அம்மா ஓடிவிட்டாள். அக்காவின் உதடு வெளுத்துப் போயிருந்தது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பாட்டில் தரையில் உருண்டு கிடந்தது. மூக்கைத் துளைக்கிற வாடை.

“எவ்வளவு குடிச்சா? யாராச்சும் பாத்தீங்களா?” அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். “தம்பி, ஏறு. பேசாத, ஏறு.” அவசரத்தில் வண்டி இரண்டு தடவை நின்று போனது. அம்மா நடுவில், மடியில் அக்கா, பின்னால் நான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க அம்மா, “மாதாவே, மாதாவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். பாட்டிலை எடுத்து வர வேண்டும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கி ஒரு கட்டிலில் போட்டார்கள். அம்மாவைத் திரைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர். எந்த நாடு என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மலாய் தெரியாது, தமிழ் தெரியாது. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ கேட்டார்.

“எஸ் சார்.”

இன்னொன்று கேட்டார். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எஸ் சார்.”

மூன்றாவதும் கேட்டார். அதுவும் எஸ் சார்தான். டாக்டர் தலையை ஆட்டினார். நான் சரியாகத்தான் பதில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பெரிய மனிதரிடம் தடுமாறாமல் பேசிவிட்டோம் என்று கூட, கடவுளே, அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி எனக்கு வந்தது.

மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்ப் பெண். அவள் வார்டு பையனைக் கூப்பிட்டு ரப்பர் குழாயும் வாளியும் கொண்டு வரச் சொன்னாள். கூடவே, “ராச்சுன் ரும்புட்” என்றாள்.

அது எனக்குப் புரிந்தது. மலாய் எனக்கு நன்றாகத் தெரியும். புல் மருந்து என்கிறாள். எஸ்டேட்டில் புல்லைக் கருக அடிக்கிற விஷம். அதைக் குடித்தவரை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அவர் திரும்பி வரவில்லை.

எங்கே இருந்து வந்தது புல் மருந்து? நான் சொல்லவில்லையே. திரைக்கு வெளியே தலையை நீட்டினேன். அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர் தொர என்ன கேட்டாரு?”

“தெரியல.”

“தெரியாமயா எஸ் சார், எஸ் சார்ன்னீங்க?”

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அவர் கேட்டது புல் மருந்தா என்றுதான். எஸ்டேட்டிலிருந்து வருகிற கேஸ் பாதி அதுதானே, அதனால் கேட்டிருக்கிறார். நான் ஆமாம் என்றிருக்கிறேன். மற்ற இரண்டு கேள்விகளில் எதற்கு ஆமாம் என்றேனோ, அது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

திரும்பிப் பார்த்தேன். வார்டு பையன் குழந்தையின் கையைப் பிடித்திருந்தான். டாக்டர் குழாயை எடுத்துவிட்டார்.

இப்போது நான் அவரிடம் ‘நோ’ என்று சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போது உங்களுக்கு அது ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. துரை முகத்துக்கு நேராக நோ சொன்னவர்களை மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிட மாட்டார்கள். இவரும் கோபித்துக்கொண்டு, பொய் சொல்கிறாய், எடுத்துக்கொண்டு போ உன் பிள்ளையை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் எங்கே போவேன்? வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பழக்கத்தில் ‘எஸ்’ என்று வந்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அழக்கூட முடியாமல் பார்த்தாள்.

“நோ சார்!”

கத்திவிட்டேன். அந்த அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“நோ சார்! நோ கிராஸ் மெடிசின்! ஆசிட், சார்! ரப்பர் ஆசிட்! ஷி டிரிங்க். மீ டோன்ட் நோ ஹவ் மச். ஐ டெல் ராங், சார்! ஐ டெல் ஆல் ராங்!”

எத்தனை தப்பு, பாருங்கள். இப்போது நீங்கள் சிவப்பு மையால் திருத்தினால் ஒரு வார்த்தை மிஞ்சாது. டாக்டர் கை அப்படியே நின்றது.

மிஸ்ஸி என் பக்கம் திரும்பினாள். “அபாங், தாடி காத்தா யா!” முதலில் ஆமாம் என்றாயே, அண்ணா, என்று கேட்டாள்.

“சாயா தாக் ஃபஹாம்” என்றேன். எனக்குப் புரியவில்லை என்று. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவள் மலாயில் கேட்டாள், நான் மலாயில் சொன்னேன், அவள் ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னாள். டாக்டர் குழாயை வைத்துவிட்டார். குனிந்து குழந்தையின் வாயருகே முகர்ந்து பார்த்தார். என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. வேறு ஏதேதோ கொண்டு வரச் சொன்னார். பிறகு மிஸ்ஸிதான் எனக்கு விளக்கினாள். ஆசிட் பட்டுத் தொண்டை வெந்து போயிருந்தால் அதற்குள் குழாய் விடக்கூடாதாம். கிழிந்துவிடுமாம். வாந்தியும் எடுக்க வைக்கக் கூடாதாம்.

கிழிந்துவிடும் என்பதற்கு அவள் சொன்ன மலாய் வார்த்தை கோயாக். பழைய துணிக்குச் சொல்கிற வார்த்தை. இன்றைக்கும் யாராவது துணி கிழித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

உங்கள் அக்கா ஒரு வாய்தான் உறிஞ்சியிருக்கிறாள், அதிலும் பாதியைத் துப்பியிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். சத்தம் கொஞ்சம் மாறினால் அம்மா எழுந்துவிடுவாள். பக்கத்து வீட்டு அண்ணன் வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றாலும் வரவில்லை.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். கட்டில் அருகில் நின்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நேற்றைவிட மெதுவாகக் கேட்டார். ‘வாட்டர்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் எனக்குப் பிடிபட்டது.

நாக்கு நுனியில் எஸ் சார் வந்து நின்றது. விழுங்கினேன்.

“ஐ டோன்ட் நோ, சார்” என்றேன். “யூ சே ஒன் மோர் டைம். ஐ ஆஸ்க் மை ஒய்ஃப்.”

அவர் இன்னொரு தடவை கேட்டார். கையால் குடிப்பது போலக் காட்டினார். நான் அம்மா பக்கம் திரும்பினேன். “தண்ணி எறங்குதான்னு கேக்கறாரு.”

அம்மா ஒரு கரண்டித் தண்ணீரை அக்காவின் வாயில் வைத்தாள். நானும் அம்மாவும் டாக்டரும் அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறி, இறங்கியது. அவள் முகம் சுளித்தாள். பிறகு, இப்போது நீங்கள் கேலி செய்கிற அதே கரகரத்த குரலில், முதல் தடவையாக, “இன்னும்” என்றாள்.

“எஸ், சார்” என்றேன் டாக்டரிடம். “வாட்டர் கோ.”