உச்சியில் ஒரு தாங்கித் தண்ணீர்

உயரமான கட்டடம் காற்றில் ஆடும் என்பதை றிஸ்லா முதன்முதலில் ஒரு வாளித் தண்ணீரில்தான் கண்டாள். பட்டம் முடித்து, கொழும்பில் கட்டடங்களை வடிவமைக்கும் நிறுவனமொன்றில் சேர்ந்த புதிது. பாதி எழும்பிய ஒரு கோபுரத்தின் உச்சித் தட்டில் மேசன்மார் ஒரு வாளியை விட்டுப் போயிருந்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. ஆனாலும் உள்ளே தண்ணீர் மெல்ல ஒரு பக்கம் ஏறி, சற்று நின்று, மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் தலைக்கவசத்தோடு அதன் முன்னால் குந்திவிட்டாள்.

"கொழும்பு முழுக்க கீழ தெரியுது, நீ வாளியப் பாத்துக்கொண்டிருக்கிறாய்!" என்று சிரித்தாள் யூஜீனியா. புத்தளம் பக்கத்து எத்தாளை என்ற ஊர்ப் பெண்; அதே நிறுவனத்தில் பொறியியலாளர்.

"கட்டடம் ஆடுது யூஜீனியா. எங்களுக்கு விளங்கல்ல, தண்ணிக்கு விளங்குது."

அன்றிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை. கட்டடத்தின் ஆட்டத்தைத் தண்ணீரைக் கொண்டே அடக்கவேண்டும். அப்படி ஒரு கட்டடத்தைத் தன் கையால் கணக்குப் போட்டு எழுப்பி, பெருங்காற்று அடிக்கும் நாளில் அதன் உச்சியில் நிற்கவேண்டும்.

ஆசை வளர்ந்துகொண்டிருந்தபோதுதான் ஊரில், புத்தளத்துக் கரைத்தீவில், உம்மா விழுந்தார். பாரிசவாதம். வலது பக்கம் வழங்காமல் போய்விட்டது. வாப்பா இல்லாத வீடு. கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஒரு மாத லீவில் ஊருக்கு வந்த றிஸ்லா அப்படியே தங்கிவிட்டாள். நிறுவனம் நல்ல மனது வைத்து, வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்ய விட்டது.

அந்த வீட்டுக்குத் தகரக் கூரை. மத்தியானமானால் உள்ளே வேகும். கூரைமேல் தென்னோலைக் கிடுகு பரப்பிப் பார்த்தாள். முதல் காற்றே அள்ளிக்கொண்டு போனது. தோளில் ஈரத்துவாயைப் போட்டுக்கொண்டு, கொழும்பில் யாரோ ஒருவரின் அறைக்குள் மேற்கு வெயில் புகாமல் இருக்க யன்னலை எவ்வளவு உள்வாங்கவேண்டும் என்று கணக்குப் போடுவாள். வானம் தெளிந்த நாளில் களப்புக்கு அப்பால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி ஒரு குச்சியைப்போலத் தெரியும். கொழும்பில் ஓர் அறையைக் குளிராக்க இங்கே எவ்வளவு கரி எரியும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு புதுக் கோபுரத்தின் வேலை வந்தது. கொழும்புக் கடலோரத்தில் நாற்பத்தாறு மாடி, மெலிந்த உடம்பு. உரிமையாளர் நாலு பக்கமும் கண்ணாடி கேட்டார். கணினித் திரையில் நடந்த கூட்டத்தில் றிஸ்லா சொன்னாள்: "வெயில உள்ள விட்டுப்போட்டு, பிறகு கரண்ட் செலவழிச்சு வெளிய தள்ளுறதவிட, வாசல்லயே நிப்பாட்டுறது நல்லம்தானே சேர்?" மேற்குப் பக்கம் கண்ணாடி குறைந்தது. ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே நிழல் தரும் விளிம்பு வந்தது.

அடுத்த சிக்கல் காற்று. மெலிந்த கட்டடம் ஆடும். மேல்மாடியில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். சுவர்களைத் தடிப்பாக்கலாம் என்றார்கள். அதற்கு மலைமலையாகச் சீமெந்தும் கம்பியும் வேண்டும். ஒவ்வொரு மூட்டைச் சீமெந்துக்குப் பின்னாலும் ஒரு சூளையின் நெருப்பு இருக்கிறது. தீயணைப்புக்கென்று எப்படியும் உச்சியில் ஒரு தாங்கி கட்டித் தண்ணீர் சேமிக்கத்தான் வேண்டும். அந்தத் தண்ணீரையே வேலைக்கு விடுவோம் என்றாள் றிஸ்லா. கட்டடம் ஒருதரம் போய்த் திரும்ப எடுக்கும் நேரமே தண்ணீரும் எடுக்கும்படி தாங்கியின் நீளத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பொருத்திவிட்டால், கட்டடம் ஒரு பக்கம் போகும்போது தண்ணீர் பிந்தி வந்து எதிர்ச்சுவரில் மோதும். நடுவில் நிற்கும் வலைத்தட்டுகளில் சிதறி, ஆட்டத்தின் வலு தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். மாதக்கணக்காக வாதாடி, மாதிரி செய்து பார்த்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

கட்டி முடித்து, ஆட்டத்தை அளந்து பார்க்கிற நாளுக்குப் போக அவள் உடுப்பெல்லாம் மடித்து வைத்திருந்தாள். முதல்நாள் உம்மாவுக்குச் சளி நெஞ்சில் கட்டி, புத்தளம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. யூஜீனியாதான் அளந்தாள். கட்டடம் கணக்கில் இருந்ததைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரி வாங்கில் மடிக்கணினியை வைத்துத் திரும்பவும் கணக்குப் போட்டு, தண்ணீரை எவ்வளவு உயர்த்தவேண்டும் என்று தொலைபேசியில் சொன்னாள் றிஸ்லா.

அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் புயல் வந்தது. கரைத்தீவில் வெள்ளம் முற்றத்தைத் தாண்டி வீட்டுக்குள் ஏறிவிட்டது. உம்மாவின் கட்டிலைக் கல் வைத்து உயர்த்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கமறியா கூப்பிடப்போன ட்ரக்டருக்காக றிஸ்லா காத்திருந்தாள். அப்போது யூஜீனியா அழைத்தாள். காற்றின் இரைச்சலில் கத்தித்தான் பேசினாள்.

"நான் மேல தாங்கிக்குப் பக்கத்துல நிக்கிறன். தண்ணி சுவர உடைக்கிற மாதிரி அடிக்குது. மனேஜர் தண்ணியத் திறந்துவிடச் சொல்றார். நான் சொல்லிக் கேக்கிறார் இல்ல, நீ கதை!"

போனை வாங்கியது கட்டடத்தின் முகாமையாளர் நௌஃபர். கெட்டவர் அல்ல; பயந்துபோயிருந்தார். "தங்கச்சி, கீழ் வீட்டு ஆக்கள் சத்தம் கேட்டு என்னைப் பிடிச்சு ஏசுறாங்க. தாங்கி உடைஞ்சா நான் என்ன செய்ய?"

"தாங்கி உடையாது சேர். இந்த அடியத் தாங்கத்தான் சுவரைக் கட்டினது. அந்தச் சத்தம் நல்ல சத்தம். கட்டடத்திட ஆட்டத்தத் தண்ணி வாங்கிக்கொள்ளுது. இப்ப திறந்துவிட்டா கட்டடம் விழாது, ஆனா மேல இருக்கிற ஆக்களுக்குத் தலை சுத்தி, குமட்டிச் சத்தி வரும். இருக்க ஏலாமப் போகும்."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"ஓம் சேர். நிச்சயமா."

அவர், "நீங்க எங்க இருக்கிறீங்க?" என்றார்.

"கரைத்தீவுல. இங்க வீட்டுக்குள்ளயும் தண்ணிதான்."

"அல்லாஹ்! சரி தங்கச்சி, திறக்கல்ல. நீங்க உங்களப் பாத்துக்கொள்ளுங்க."

போனைத் திரும்ப வாங்கி வைக்கப் போன யூஜீனியாவை றிஸ்லா நிறுத்தினாள். "போனைத் தாங்கிச் சுவரோட வச்சுப் பிடி. கொஞ்ச நேரம்."

கேட்டது. ஆழமான ஓர் அடி. பிறகு நீண்ட மௌனம். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னோர் அடி. அவள் போட்ட கணக்கு அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கணுக்காலளவு வெள்ளத்தில் நின்றபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கட்டிலில் கிடந்த உம்மா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ட்ரக்டரின் இரைச்சல் வந்தபோது தொலைபேசி உயிரை விட்டிருந்தது.

ட்ரக்டரில் போய்ப் பாடசாலையில் தங்கி, வெள்ளம் வற்றி, வீட்டுச் சேற்றை வழித்துக் கழுவிய பிறகுதான் யூஜீனியாவோடு திரும்பக் கதைக்க முடிந்தது. "மேல்மாடில ஒருத்தரும் ஆட்டத்தப்பத்தி வாயே திறக்கல்ல. சத்தத்தத்தான் ஏசினாங்க," என்றாள் அவள். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் வெற்றி. அது றிஸ்லாவுக்குத் தெரியும். ஆனாலும் தானும் அங்கே இல்லாமல் போனது உள்ளே ஒரு முள்ளாய்க் குத்தியது.

பங்குனியில், கமறியா உம்மாவைப் பார்த்துக்கொள்ள, ஒருநாள் கொழும்புக்குப் போனாள். இலை அசையாத நாள். நௌஃபர் தானே வந்து தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்தார். தண்ணீர் கண்ணாடித் தட்டுப்போலக் கிடந்தது. "பாய்ஞ்சு கட்டடத்த ஆட்டிப் பாப்பமா?" என்று யூஜீனியா துள்ளிக் குதித்தாள். நௌஃபரும் காலை ஓங்கி உதைத்தார். ஒரு சிற்றலைகூட இல்லை. றிஸ்லா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு முடியும்போது கண் நிறைந்திருந்தது.

கீழ் வீட்டுப் பெண்மணி தேநீர் தந்தார். மேற்கு வெயில் நேரம். அறை குளிர்ச்சியாக இருந்தது. "ஏசி போடுறது குறைவு மகள். காத்து அடிச்சாலும் இங்க ஒண்டும் தெரியாது," என்றார். இவள் யாரென்று அவருக்குத் தெரியாது. றிஸ்லாவும் சொல்லவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்த யூஜீனியா கேட்டாள்: "திரும்பி வாவன். உம்மாவையும் கூட்டிக்கொண்டு வா."

"அவ வரமாட்டா."

கேட்டுப் பார்க்காமல் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்து இறங்கியவர் அவர். "ஒருதரம் எழும்பினது போதும் மகள். இனி என்னால ஏலாது," என்று சொல்லிவிட்டார். அதற்குமேல் என்ன கேட்பது?

யூஜீனியா ஓர் உதவி செய்தாள். கோபுரத்தின் ஆட்டத்தைப் பதியும் கருவியிலிருந்து கரைத்தீவுக் கணினிக்கு நேரடியாகத் தகவல் வரும்படி ஏற்பாடு பண்ணினாள். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று தொடங்கியது. ஒரு பின்னேரம் கூரைத் தகரம் படபடக்க, றிஸ்லா வேலையை விட்டுவிட்டுத் திரையில் நடுங்கும் கோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"இப்ப அங்க தண்ணி அடிக்குமா?" என்று உம்மா கேட்டார்.

"மெல்லமா அடிக்கும்."

"என்னாலதானே நீ போகாம இருக்கிறாய்?"

"இல்ல உம்மா."

"பொய் சொல்லாத. ஓம் எண்டு சொல்லு, எனக்குக் கோவம் வராது."

றிஸ்லா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஓம் உம்மா," என்றாள்.

உம்மா வழங்கும் இடக்கையால் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல காத்து நாளாப் பாத்து ஒரு வேன் பிடி. இருக்கப் போறதில்ல. பாத்துப்போட்டு வருவம். நானும் அந்தச் சத்தத்தக் கேக்கவேணும்."

இன்னும் போகவில்லை. காற்று நன்றாக வீசும் நாளில் உம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது. உம்மா தெம்பாக இருக்கும் நாளில் காற்று இல்லை. றிஸ்லா காலையில் எழும்பியதும் கொழும்புக் கடலோரத்துக் காற்றின் வேகத்தைப் பார்க்கிறாள், பிறகு உம்மாவின் நெஞ்சில் காது வைத்துக் கேட்கிறாள். சோளகம் முடிய இன்னும் காலம் இருக்கிறது.