ஓக் பெட்டிக்குள் பதினாலாயிரம் குண்டு

ஹால்வர் ட்வேட்டின் வீட்டில் ஐஸ்கிரீம் வாளியைத் திறந்து ஐஸ்கிரீமைக் கண்டவர் யாரும் கிடையாது. மூடியில் வெனிலா என்று போட்டிருக்கும், உள்ளே ஈயக் குண்டு. காப்பி டின்னில் ஈயக் குண்டு, ஊறுகாய் பாட்டிலில் ஈயக் குண்டு. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக உட்கார வைத்த குண்டுகள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வரிசையாக இருந்தன. அவை அவருக்கு ரொம்பச் செல்லம்.

தோட்டா என்று நினைத்து யாரும் பதற வேண்டாம். பித்தளைக் கூடும் வெடிமருந்தும் சேர்ந்தால்தான் தோட்டா. இவரிடம் இருந்தது அதன் தலைப்பாகம் மட்டும், வெறும் ஈயம். சுத்தியலால் அடித்தாலும் நசுங்குமே தவிர வெடிக்காது. சக்கரம் ஆடாமலிருக்கப் பொருத்தி, பிறகு டயர் கடையில் கழித்துப்போடும் ஈய எடைகளை வாங்கி வந்து, கொட்டகையில் உருக்கி, அச்சில் ஊற்றித் தட்டி எடுப்பார். ஊற்றிய குண்டு இறுக இரண்டு வாரம் விட வேண்டும். பிறகு மெழுகு பூசி, மருந்து போட்ட கூட்டின் வாயில் அமுக்கினால் தோட்டா தயார். அவருடைய கூட்டாளி ரூடி அப்படித்தான் செய்வார். ஒரு சனிக்கிழமை ஊற்றுவார், மூன்றாவது சனிக்கிழமை சுட்டுத் தீர்த்துவிட்டு பீர் குடிக்கப் போவார். ஹால்வருக்கு அந்த இரண்டு வாரம் ஒன்பது வருடமாக முடியவில்லை.

காரணம் கேட்டால் எப்போதும் ஒன்று இருக்கும். எடை பார்த்துப் பிரிக்கணும் என்பார். பிரித்து முடித்ததும், இந்த ஈயம் கொஞ்சம் மிருது, அடுத்த ஊற்றில் பார்க்கலாம் என்பார். கோடைக்குக் கோடை டாலென் ஊரில் பழங்கால எருமை வேட்டைத் துப்பாக்கியால் குறிசுடும் போட்டி வரும், போகும். ஹால்வர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் குறி தவறுவதைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு வருவார். மொன்டானா மாநிலத்தின் வடகோடியில் முப்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் வேலை பார்த்த மனிதர் அவர். ஊரார் கோதுமையில் ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எலி நுழைந்ததா என்று பார்த்தே ஆயுசில் பாதி போனது. பத்திரப்படுத்துவது அவர் வேலை, செலவழிப்பது வேறு யாருடைய வேலையோ.

மனைவி ஆர்டிஸ் பொறுமைசாலி என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை எடுத்ததற்காக அவர் தினமும் வருந்தினார். ஊற்றிய சூட்டோடு தண்ணீரில் போட்ட குண்டு நாளாக ஆகக் கெட்டியாகும், கெட்டியாகாமல் நிறுத்தி வைக்கக் குளிரில் வைக்க வேண்டும் என்று ஹால்வர் எங்கோ படித்துவிட்டார். அன்றிலிருந்து ஃப்ரீசரில் மான் கறிக்கும் பட்டாணிக்கும் நடுவே நான்கு வாளி குண்டு. ஒருநாள் தேவாலயத்து மதிய விருந்துக்கு ஆர்டிஸ் அவசரத்தில் வாளி மாற்றி எடுத்துப் போய், அங்கே பாதிரியாராக இருந்த அம்மாவின் கண் முன்னாலேயே திறந்தார். பாதிரியார் அம்மா நல்லவர். எட்டிப் பார்த்துவிட்டு, "உறைஞ்ச திராட்சையா?" என்று கேட்டார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அக்டோபரில் மகள் கிர்ஸ்டனுக்குக் குழந்தை பிறந்தது.

கிர்ஸ்டன் பில்லிங்ஸ் நகரத்தில் நர்ஸ். தகவல் வந்ததும் ஹால்வர் ஈயம் உருக்கிக்கொண்டிருந்த கையோடு வண்டியை எடுத்து நாலரை மணி நேரம் ஓட்டிப் போய் ஆஸ்பத்திரியில் நின்றார். மகள் அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. தொப்பியைப் பார்த்தாள், அதன் விளிம்பில் சாம்பல் நிறத் தூசி. "அப்பா, தயவுசெஞ்சு தொடாதீங்க" என்றாள். அவர் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, கட்டில் கால்பக்கம் நின்று ஹேஸல் என்ற அந்தச் சின்ன உருவத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். வழியெல்லாம் ரேடியோவைப் போடவில்லை. ரூடியிடம் மட்டும், "பரவால்ல, குழந்தைன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார். அது பொய். மனசு நொந்து போயிருந்தது.

அடுத்த வாரம் மகள் போனில் நிபந்தனையைச் சொன்னாள்.

"ஈஸ்டருக்கு வரேன்ப்பா. ஆனா அதுக்குள்ள சமையலறையில, ஃப்ரீசர்ல, குளியலறையில ஒரு குண்டு இருக்கக் கூடாது."

"குளியலறையில ரெண்டே டப்பாதாம்மா."

"அப்பா!"

"சரி சரி. எடுத்துடறேன்."

"எடுத்துட்டுத் துடைக்கணும். ஈயம் இருந்தா சிவக்கிற குச்சி கொண்டு வருவேன். ஒரு இடம் சிவந்தாலும் ஹேஸலை உங்க கையில தர மாட்டேன். அப்படியே வண்டியைத் திருப்பிடுவேன்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஹால்வர் ஆடிப்போனார். பதினாலாயிரம் குண்டு, எண்ணூறு பவுண்டு. எங்கே கொண்டு போய் வைப்பது? கொட்டகைத் தரையில் ஈரம். நிலவறையில் போன வசந்தத்தில் தண்ணீர் ஏறியது. கையைப் பிசைந்துகொண்டு கொட்டகையைச் சுற்றி வந்தவரின் கண், மூலையில் தார்ப்பாய் போர்த்தியிருந்த சவப்பெட்டியின் மேல் விழுந்தது.

அது அவருடைய சவப்பெட்டிதான். பக்கத்து ஊரில் இறுதிச்சடங்குக் கடை ஒன்றை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. கெட்டியான ஓக் மரம், பித்தளைப் பிடி, மெழுகு போட்ட பளபளப்பு. ஏலத்தில் கூடிய அத்தனை பேர் முன்னிலையிலும் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே படுத்துப் பார்த்துத்தான் வாங்கினார். டாலெனில் அந்தப் பெட்டியைத் தெரியாதவர்கள் பால்குடிப் பிள்ளைகள் மட்டும். "எப்படியும் ஒருநாள் வேணும். நல்ல மரம், வீணாகக் கூடாது" என்று ஆர்டிஸிடம் சொன்னபோது, "நீ படுத்தப்பவே மூடி போட்டுக் கொண்டாந்திருக்கலாம்" என்று ஆர்டிஸ் சொன்னதும் ஊருக்குத் தெரியும்.

இறுக்கமான மூடி. பூட்டு இருக்கிறது. தரையில் படாமல் பலகை மேல் நிற்கிறது. இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் ஏது? நான்கு நாள் வேலை. டப்பா, வாளி, பாட்டில் எல்லாவற்றையும் காலி செய்து, குண்டுகளைப் பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்து அடுக்கடுக்காகப் பரப்பினார். முகம் தெரியும் அளவுக்கு மின்னின. மூடிப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். ரூடியிடம்கூடச் சொல்லவில்லை, ஈஸ்டரில் காட்டி அசத்தலாம் என்று எண்ணம். பிறகு ஆர்டிஸும் அவரும் மண்டிபோட்டு வீட்டைச் சோப்புத் தண்ணீரால் கழுவினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கிர்ஸ்டன் வந்தாள். குழந்தையை ஆர்டிஸிடம் கொடுத்துவிட்டு, பை நிறையக் குச்சிகளோடு வீட்டைச் சோதனை போட்டாள். மேசை, அலமாரி, ஃப்ரீசர், கதவுப் பிடி. எதுவும் சிவக்கவில்லை. ஹால்வர் கையைக் கூட நீட்டினார், அதுவும் சிவக்கவில்லை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆர்டிஸிடமிருந்து குழந்தையை வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

"நிஜமாவே செஞ்சுட்டீங்களேப்பா. வாங்க, உக்காருங்க. இந்தாங்க, வாங்கிக்கோங்க."

குழந்தை நீட்டிய கையில் இருக்கிறது. வாங்கியிருக்கலாம். வேறு எந்த மனிதனும் வாங்கியிருப்பான். ஹால்வர் என்ன செய்தார் தெரியுமா? "இரும்மா, இரு. முதல்ல எங்க வெச்சிருக்கேன்னு பாரு. பாத்துட்டா உனக்கும் நிம்மதி" என்று கொட்டகைக்கு நடந்தார். ஐந்து மாதம் அடக்கி வைத்த பெருமை அவரைத் தள்ளிக்கொண்டு போனது. குழந்தையோடு கிர்ஸ்டன் பின்னால் போனாள், வழியில் ரூடியும் வந்து சேர்ந்துகொண்டார்.

பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினார்.

உள்ளே குண்டுகளைக் காணோம். பெட்டி முழுக்க வெள்ளையாக, மாவு கொட்டியதுபோல ஏதோ கிடந்தது. ஹால்வர் நம்பாமல் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். வந்ததெல்லாம் பூஞ்சை பூத்த மாதிரி வெள்ளைப் பொடி அப்பிய குண்டு. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ரூடி தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா! ஓக் மரத்துலயா போட்டே? ஓக்லருந்து புளிப்பு ஆவி வருமேடா, ஈயத்தை அரிச்சுத் தின்னுடுமே! ஈயம் ஊத்த ஆரம்பிச்ச பயலுக்குக்கூட இது தெரியும்!"

"நல்ல மரம்டா" என்றார் ஹால்வர்.

"நல்ல மரம்தான், பொணத்துக்கு! ஐஸ்கிரீம் வாளியிலயே விட்டிருந்தா உன் பேத்தியோட பேத்தி காலம் வரைக்கும் அப்படியே இருந்திருக்கும்!"

கிர்ஸ்டன் ஏற்கெனவே குழந்தையோடு வாசலுக்கு வெளியே போய்விட்டாள். அங்கிருந்தே பேசினாள். "அப்பா, அது ஈயத் தூள். கட்டி ஈயத்தைவிட மோசம். உங்க கையைப் பாருங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அந்தப் பெட்டி இந்த நிலத்துல இருக்கக் கூடாது. இருந்தா நான் கிளம்பறேன். அடுத்து எப்ப வருவேன்னு கேக்காதீங்க." ஹால்வர் இரண்டு வெள்ளைக் கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சற்று முன்னால் குழந்தையை வாங்கியிருக்க வேண்டிய கைகள் அவை. அன்று அவரை வீட்டுக்குள் விடவில்லை, குழாயடியில் கழுவிவிட்டு ரூடி வீட்டில் படுத்தார்.

சனிக்கிழமை காலை ரூடி டிராக்டரால் பெட்டியைப் பலகையோடு தூக்கித் தன் பிக்கப்பில் ஏற்றினார். நாற்பது மைல் தள்ளி ஒரு பழைய உலோகக் கடை, ஈயம் எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும். தூசி பட்டவர் யாரும் வண்டிக்குள் உட்காரக் கூடாது என்பது மகளின் உத்தரவு. அதனால் ஹால்வர் பெயிண்ட் அடிப்பவர்கள் போடும் வெள்ளை உடுப்பை மாட்டி, முக்காடும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு, பின்னால் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். கையெழுத்துப் போட ஒரு சுத்தமான கை வேண்டுமே என்று ஆர்டிஸ் முன்னால் ஏறினார். குளிர் விடவில்லை. அவரிடம் இருந்த ஒரே கனத்த கோட்டு கறுப்பு. மூக்கொழுகியதால் கைக்குட்டையை முகத்தில் வைத்திருந்தார்.

பண்ணைச் சாலையில் முதலில் எதிர்ப்பட்ட வண்டி மெதுவாக ஓரம் கட்டியது. ஓட்டி வந்தவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டி போனால் அப்படித்தான் நிற்போம். ஹால்வர் வழக்கம்போல ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார். மாஸ்க் போட்ட வெள்ளை உருவத்தை அந்த மனிதர் விசித்திரமாகப் பார்த்தார். பித்தளைப் பிடியைப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

இரண்டாவது வண்டியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. டாலெனைத் தாண்டும்போது பதினொரு வண்டிகள் விளக்கெரிய வரிசையாக வந்தன. வெள்ளை உடுப்பைப் பார்த்து ஏதோ தொற்று என்று எண்ணி ஆளுக்கு நூறடி இடைவெளி விட்டிருந்தார்கள்.

"ஆர்டிஸ், பின்னால கண்ணாடியைப் பாரு" என்றார் ரூடி.

"பாத்துட்டேன். ஓட்டு."

"நிறுத்திச் சொல்லிடலாமா?"

"என்னன்னு சொல்றது? உள்ள இருக்கிறது புருஷன் இல்ல, புருஷனோட குண்டுன்னா? மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும், ஓட்டு!"

வண்டி இடுகாட்டுத் திருப்பத்தைத் தாண்டி நேராகப் போய் உலோகக் கடைக்குள் நுழைந்தது. பின்னால் வந்தவர்கள் வேலிக்கு வெளியே மரியாதையாக நின்றார்கள். சவத்தைப் பழைய உலோகக் கடைக்குக் கொண்டு போகிறார்களே என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் ஹால்வர் முப்பது நாற்பது வருடத்தில் ஊரில் சம்பாதித்த பெயர். "அவரோட கடைசி ஆசையா இருக்கும்" என்றார் ஒரு பெண்மணி. எல்லோரும் தலையாட்டினார்கள். குடும்பத்தாரைத் தனியாக விடுவோம் என்று கலைந்து போய், அவரவர் வீட்டில் அடுப்பை மூட்டினார்கள்.

கடைக்காரர் பெட்டியோடு எடை போட்டு, மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி, சீட்டு எழுதினார். பெட்டியும் போனது. ஹால்வர் அந்த வெள்ளை உடுப்பையும் அங்கேயே கழற்றிப் போட்டார். ஒன்பது வருடம் போகிறதே என்று துக்கம் வரும் என எதிர்பார்த்தார். வரவில்லை. மணி பதினொன்றரை ஆகிவிட்டதே, மகள் கிளம்பிவிடுவாளோ என்றுதான் பதறியது.

வீட்டில் கிர்ஸ்டன் பின்வாசலில் துண்டோடு நின்றாள். முதல் குளியலுக்குப் பிறகு குச்சியை விரலில் தேய்த்தாள். சிவந்தது. இரண்டாவது குளியலுக்குப் பிறகும் லேசாகச் சிவந்தது. மூன்றாவது முறை நகக்கண்ணை அவரே பிரஷ் போட்டு இரத்தம் வரும் அளவுக்குத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"கண்ணைத் திறங்கப்பா. குச்சி வெள்ளையாத்தான் இருக்கு."

நாற்காலியில் உட்கார வைத்து ஹேஸலை மடியில் கிடத்தினாள். ஆறு மாதக் குழந்தை கிழவனின் தாடையை உற்றுப் பார்த்தது, அவர் சட்டைப் பொத்தானைச் சப்பியது, கொட்டாவி விட்டது. ஹால்வர் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். இவ்வளவு சந்தோஷம் தனக்கு வரும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கவே இல்லை.

அப்போதுதான் வாசலில் வண்டிச் சத்தம். ஜன்னல் வழியே ஆர்டிஸ் பார்த்தார். ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள். வண்டிக்கு ஒன்றாகத் துணி சுற்றிய பாத்திரம். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் போட்டு வேகவைத்த சாவு வீட்டுச் சாப்பாடு, ஏழு பாத்திரத்திலும் அதேதான். பாதிரியார் அம்மா பைபிளோடு முன்னால் வந்தார்.

ஆர்டிஸ் ஓடி வந்து கிசுகிசுத்தார். "ஹால்வர்! வெளிய பதினாலு பேரு நிக்கறாங்க, ரெண்டு பேரு அழுறாங்க! எந்திரிச்சு வந்து முகத்தைக் காட்டு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

ஹால்வர் அசையவில்லை. உதட்டில் விரல் வைத்தார்.

"செத்துட்டேன்னே சொல்லிடு. பாப்பா இப்பத்தான் கண்ணு மூடுச்சு."