மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல்

விமானச் சீட்டு விற்கும் தொழிலில் திரை காட்டும் நேரம் ஒன்று. மூன்று வயதுக் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிட ஆகும் நேரம் வேறொன்று. சுங்கைப் பட்டாணியில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருக்கும் பயண நிறுவனத்தில், இந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். கெடாவிலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலோர் பினாங்கிலோ அலோர் ஸ்டாரிலோ ஏறி, கோலாலம்பூரில் விமானம் மாறியாக வேண்டும். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பல்லில் கடித்துக்கொண்டு கடவுச்சீட்டு என்று அங்கே ஓடியிருக்கும் உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

என் மேசைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடன் வந்தால், ஒரு விமானம் இறங்குவதற்கும் அடுத்தது கிளம்புவதற்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். குறைந்தால் நான் சீட்டுப் போட மாட்டேன். என் முதலாளி தயாளன் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். மரியாதைக்குக் குறைவில்லை, சமாதானம்தான் இல்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் அந்தத் தாளை விரலால் தட்டிக்காட்டி அவர் சொன்னார்: “சிஸ்டமே ஒரு மணி நேரம் போதும்னு சொல்லுது. இந்த வருஷத்துக்குள்ள உங்க ரூல்ஸால ஒரு பெரிய பிரச்சினை வரட்டும் அக்கா, நானே கிழிச்சிடுவேன்லா!”

ஐம்பத்தைந்து நிமிடம்

அந்த விதியை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பில், என் குடும்பத்துக்கு நானே சீட்டுப் போட்டேன். கோலாலம்பூரில் இடைவெளி ஐம்பத்தைந்து நிமிடம். கணவர் பெட்டிகளோடு முன்னால் ஓடினார். நான் மகளை இழுத்துக்கொண்டு, மூன்று வயது மகனைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்குள் நுழைந்தேன். உள்ளே நின்றிருந்த ஒருவர் உதவி செய்யும் எண்ணத்தில் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்தப் பொத்தானைத் தானே அழுத்த வேண்டும் என்று என் மகன் முடிவு செய்திருந்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மேலே போய்ச் சேர்ந்ததும் பிள்ளை தரையில் படுத்துவிட்டான். மறுபடியும் கீழே போய், மறுபடியும் அவனே அழுத்தி, மறுபடியும் மேலே வந்தோம். வாயிலை அடைந்தபோது கதவை மூடிவிட்டார்கள். “நான் இதே தொழிலில் இருப்பவள், எல்லாவற்றையும் கணக்கிட்டுத்தான் சீட்டுப் போட்டேன்” என்று மூச்சிரைக்க வாதாடினேன். அங்கே இருந்த மலாய்ப் பெண் என் மகனின் மூக்கைத் துடைத்துவிட்டு, பிள்ளைகள் பைகள் அல்ல என்பதைத் தன் மொழியில் அமைதியாகச் சொன்னாள்: “காக், பூடாக் புக்கான் பெக்.”

நூறு மீட்டர் ஓட்டக்காரர்

பிரகாஷ் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். மனைவியோடும் இரண்டு வயது மகனோடும் மெல்பர்ன் போக வேண்டும். கைப்பேசியில் தாமே கண்டுபிடித்த மலிவான வழியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். இரண்டு தனித்தனிச் சீட்டுகள், இடையில் ஒரு மணி இருபது நிமிடம். நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வரிசையாக எழுதிக் காட்டினேன்: முன்னால் இருப்பவர்கள் இறங்கி முடிக்கக் காத்திருத்தல், தள்ளுவண்டி வரும்வரை காத்திருத்தல், கழிப்பறை, தனிச் சீட்டு என்பதால் பெட்டிகளை எடுத்து மறுபடி ஒப்படைத்தல், ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்கு ரயில், சோதனையில் பால்புட்டியைப் பற்றிய உரையாடல், மறுபடியும் கழிப்பறை. “அக்கா, நான் ஸ்கூல்ல நூறு மீட்டர் ஓடினவன்” என்றார். “நீங்கள் ஓடுவீர்கள் தம்பி, உங்கள் மகன் எந்தப் பள்ளிக்காக ஓடினான்?” என்று கேட்டேன். சிரித்தபடியே படியிறங்கிப் போய் அந்தச் சீட்டுகளைத் தாமே வாங்கிக்கொண்டார்.

பயண நாளன்று பிற்பகலில் என் தொலைபேசி அடித்தது. பின்னணியில் ஒரு குழந்தை, மூன்று முனையங்களுக்குக் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தது. பெட்டிகள் வந்து சேர்வதற்கே நாற்பது நிமிடம் ஆகிவிட்டதாம். நான் விற்காத சீட்டுதான். ஆனாலும் மறுநாள் விமானத்தில் மூன்று இடங்களைத் தேடிப் பிடித்தேன். அதற்குப் பிறகு, என் உரிமை என்று நான் கருதும் சில சொற்களைச் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினேன். அவர் முந்திக்கொண்டார்: “திட்டுங்கக்கா, நான் வேணாம்னு சொல்லல, ஆனா ஸ்பீக்கர்ல வைஃப் கேட்டுக்கிட்டு இருக்கா, அவ திட்டினதுல மிச்சம் ஏதாச்சும் இருந்தா மட்டும் திட்டுங்க!”

கொஞ்சம் மிஞ்சிப்போன நேரம்

என் விதியால் எல்லோரும் வாழ்ந்தார்கள் என்று எழுதினால் அது பொய். கோலா கெடாவில், படகுத்துறைக்குப் பக்கத்தில் கருவாடு விற்கும் பிலோமினா, வேளாங்கண்ணிக்குப் போக மூன்று பிள்ளைகளோடு வந்தார். நான் மூன்று மணி இருபது நிமிட இடைவெளி போட்டுக்கொடுத்தேன். ஒரே சீட்டு, பெட்டிகளும் தாமாகவே சென்னைக்குப் போய்விடும். பிலோமினாவோ காலை நான்கு மணிக்கு மீன் வந்திறங்குவதற்கு முன்பே எழுந்து பழகியவர். இறங்கி, பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சோறூட்டி, வாயிலுக்கு வந்து உட்காரும்வரை எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்த நேரத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். மூத்தவன் நகரும் நடைபாதையில் எதிர்த்திசையில் ஓடிப் பழகினான். நடுவில் உள்ளவளுக்கு ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்தது. விழுந்த பல்லும் காணாமல் போனது. அதை நான்கு வரிசை நாற்காலிகளுக்கு அடியில் எல்லோரும் தேடினார்கள். கடைசிக் குழந்தை தரையில் தூங்கி, யாரோ ஒருவருடைய பெட்டிக்குத் தடையாக இருந்தது. திரும்பி வந்த பிலோமினா, படியேறிய களைப்புத் தீருமுன்பே இடுப்பில் கைவைத்து நின்றார். அன்றிலிருந்து என் பயணிகளிடம் கைப்பையில் ஒரு பழைய கைலியை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், விரித்தால் பிள்ளை படுக்கலாம். கைலியைப் பற்றி முன்பே சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்டேன். மூன்று மணி நேர விதிக்காகக் கேட்கவில்லை. பிலோமினா சொன்னது இதுதான்: “டீச்சர் மாதிரி மூணு மணி நேரம் குடுத்தீங்களே, கூடவே ஒரு பாயும் குடுத்திருந்தா என்னலா?”

வெள்ளிக்கிழமை பத்தரை

தயாளன் எதிர்பார்த்துக் காத்திருந்த பெரிய பிரச்சினை ஆண்டின் நடுவில் வந்தது. பண்டார் பாருவுக்கு அருகே ஒரு தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் சுப்ரமணியம், மனைவியோடும் தம்பி குடும்பத்தோடும் திருச்சிக்குப் போக வேண்டும். தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்குக் குலதெய்வக் கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். பயணம் வெள்ளிக்கிழமை. கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமானம் மாலை ஆறு மணிக்கு. பினாங்கில் ஒரு மணி விமானத்தைப் பிடித்தால் நான்கு மணி நேரம் கையில் இருக்கும். ஆனால் அதற்குப் பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். “மூன்றரை மணி விமானம் போடுங்க தங்கச்சி, பன்னண்டுக்கு மேல கிளம்பறோம்” என்றார். அதில் ஏறினால் கோலாலம்பூரில் ஒன்றரை மணி நேரம்கூட மிஞ்சாது.

நான் விடவில்லை. நல்ல நேரத்தில் பெட்டியை வாசல் தாண்டி இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகத்தானே நம் வழக்கம்? ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வையுங்கள், பத்தரைக்கு ஆட்கள் கிளம்புங்கள் என்றேன். அவருக்கும் அது சரியாகப் பட்டது. சொன்னபடியே வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சூடம் காட்டி, பெட்டியைப் பக்கத்து வீட்டு முன்னறையில் வைத்தார்கள். ஆறு பேரின் கடவுச்சீட்டுகளும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. விவரம் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் பத்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு பாரிட் புந்தாருக்குச் சாமான் வாங்கப் போய்விட்டார்.

அவர் திரும்பியபோது மணி பதினொன்றே முக்கால், அதாவது ராகுகாலம் இன்னும் முடியவில்லை. ஒரு மணி விமானத்தை இனிப் பிடிக்க முடியாது. நான் கெஞ்சியும் வாதாடியும் அவர்களை இரண்டு மணி விமானத்துக்கு மாற்றினேன். “பார்த்தீங்களா? மூன்றரை மணிக்கே போட்டிருந்தா பெட்டியும் வெளிய போயிருக்காது, பூட்டும் விழுந்திருக்காது” என்றார் தயாளன். அவர் சொன்னது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. மூன்று மணி ஐந்துக்குச் சுப்ரமணியம் கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். ஆறு மணிக்கு இன்னும் இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. என் விதிப்படி ஐந்து நிமிடம் குறைவு. அவர் கேட்டது அதைத்தான்: “தங்கச்சி, அஞ்சு நிமிஷம் குறையுதுன்னு எங்களை மறுபடியும் வீட்டுக்கு அனுப்பிட மாட்டீங்களே?”

பதிவில் யார் பெயர்

திங்கட்கிழமை காலை தயாளன் என் மேசைக்கு வந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பினார். “இன்னையிலிருந்து சிஸ்டம் என்ன சொல்லுதோ அதான் அக்கா. அறுபது நிமிஷம்னா அறுபது நிமிஷம்.” அவர் பேசி முடிக்கும்போதே புஷ்பா படியேறி வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை, கையைப் பிடித்தபடி நான்கு வயது மகள். கணவருக்குப் பெர்த்தில் வேலை. தனியாக, வாழ்க்கையில் முதன்முறையாக, இரண்டு பிள்ளைகளோடு விமானம் ஏறப்போகிறார். தயாளன் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, திரையில் முதலில் இருந்த வழியைச் சுட்டினார். கோலாலம்பூரில் ஒரு மணி பத்து நிமிடம். “இதையே போடுங்க.”

விசைப்பலகையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். “போடலாம் தம்பி. பதிவு செய்பவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அவசரத் தொடர்பு என்ற இடத்தில் உங்கள் கைப்பேசி எண். மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு இவர் அழைக்கப்போவது அந்த எண்ணைத்தான். என் பெயரை நான் தர மாட்டேன். தாளை வேண்டுமானால் கிழித்துக்கொள்ளுங்கள்.” அவர் விசைப்பலகையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நான்கு வயது மகள், தனக்கு அவசரம் என்று அறிவித்தாள். எங்கள் கழிப்பறை இருப்பது கடையின் பின்கட்டில், பதினைந்து அடி தூரம். புஷ்பா இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். முதலில் செருப்பு மாட்ட மறுப்பு. பிறகு கைக்குழந்தையை எங்கே வைப்பது என்ற சிக்கல். பிறகு உள்ளேயிருந்து ஓர் அலறல். குழாய்த் தண்ணீர் குளிர்கிறதாம். பிறகு ஒரு பக்கத்துச் செருப்பைத் தேட வேண்டியிருந்தது.

தயாளன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பின்கட்டைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். புஷ்பா வியர்த்து வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது இருபத்திரண்டு நிமிடம் கழிந்திருந்தது. பதினைந்து அடி தூரத்துக்கு, பெட்டி இல்லாமல், ரயில் இல்லாமல், சோதனை இல்லாமல். மகள் தயாளனின் முழங்காலைத் தட்டி, மறுபடியும் அவசரம் என்றாள். கிளம்பியிருந்த தாளின் மூலையை அவர் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார், விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “நாலு மணி நேரத்துல ஏதாச்சும் இருக்கா பாருங்கக்கா.”

விமானங்கள் நேரம் வந்தால் கிளம்பும், குழந்தைகள் மனம் வந்தால் கிளம்பும். இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரத்தைப் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன், யார் வந்து சொன்னாலும் எழுந்திருப்பதாக இல்லை.